எழுத்து தெரிந்தது, ஆள் தெரியவில்லை

இருபது வருடமாகக் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிறவர் அவர். கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன், கவனமானவர். ஒரு கிடங்கில் அந்தக் கவனமும் தவறியது.

கிடங்கின் கேட்டுக்கு வெளியே சுள்ளென்ற வெயில், உள்ளே கூரை நிழல். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட அவர் அங்கே பொருத்திய கேமராவில் ஓர் அமைப்பு உண்டு. படம் பிடிக்கும் சென்சாரில் பாதிப் புள்ளிகள் கொஞ்ச நேரமும் மீதிப் பாதி அதிக நேரமும் ஒளியை வாங்கும். சேர்த்துப் பார்த்தால் வெயிலும் வெளுக்காது, நிழலும் கறுக்காது. ஆனால் கூர்மை பாதியாகிவிடும். முதலில் அப்படித்தான் வைத்திருந்தார்.

மேனேஜர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னங்க, எட்டு மெகாபிக்சல்னு சொல்லிட்டு எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி மாதிரி காட்டுறீங்க? லாரி நம்பரே படிக்க முடியல."

விளக்க உட்கார்ந்தால் மதியமாகிவிடும். அந்த அமைப்பை இவர் அணைத்தார். நம்பர் பளிச்சென்று வந்தது, நிழல் கறுத்தது. மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நடுப்பகலில், பெட்டி ஒன்று காணாமல் போனது. கேட்டுக்கு உள்ளே நிழலில் காவலிருந்த அக்கா இடத்தைவிட்டுப் போய்விட்டதாகப் பேச்சு. பதிவை எடுத்துக் காட்ட இவரைக் கூப்பிட்டார்கள்.

"இங்கதான் சார் உட்கார்ந்திருந்தேன். நகரவே இல்ல," என்றார் அக்கா.

"அப்ப உங்களைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா? லாரில ஒட்டின ஸ்டிக்கர் வரைக்கும் தெரியுது, உங்களைக் காணோம்." மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். "கேமரா சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு சார்."

தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. அதைச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "யாரையாவது ஏமாத்திட்டீங்களா என்ன?" என்று மனைவி விளையாட்டாகத்தான் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆறாம் நாள் தானாகவே கிடங்குக்குப் போனார். நிழலில் புதுக் காவலாளி உட்கார்ந்திருந்தார். அமைப்பை அணைத்து ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்து மேனேஜர் முன் வைத்தார். முதல் படத்தில் புதுக் காவலாளியும் இல்லை.

"இவரும் வேலைக்கு வரலையா சார்? நான்தான் அதை அணைச்சு வெச்சேன். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க?"

அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த முறை இவர் பராமரிப்புக்குப் போனபோது கேட்டைத் திறந்துவிட்டவர் அக்காதான்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே தம்பி."

கோபமில்லாமல், முகத்தைப் பார்த்தே சொன்னார். இவர் தரையைப் பார்த்தபடி உள்ளே போனார்.