ஸ்கூப் வழியாக மழை வருமா?

காலாப்பட்டிலிருந்து போன் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேசியவர் லூர்துநாதன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"பாய், வண்டி திக்கித் திக்கி நின்னுடுச்சி. நீ போட்ட ஓட்ட வழியா மழ உள்ள பூந்துடுச்சி போலருக்கு."

இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆளோடு கிளம்பினேன்.

ரெட்டியார்பாளையத்தில் இருபத்தெட்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பானெட்டில் ஸ்கூப், அதாவது காற்று உள்ளே போக மேடாக ஒரு வாய், வைத்தால் இஞ்சினுக்குள் மழை போகுமா என்று இளவட்டங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முக்கால்வாசி ஸ்கூப் வெறும் அலங்காரம். டேப் போட்டு மேலே ஒட்டுவது, கீழே ஓட்டையே இருக்காது. எறும்புகூட நுழைய முடியாது, மழை எங்கே நுழையும்?

முசியேயின் ஸ்கூப் அப்படியல்ல, நிஜமானது. பிரான்சில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது, துணிமணியைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச்சுக்குப் பதில் ஸ்கூப் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு மகன் மறுபடி வரும்போது அது வண்டியில் இருக்க வேண்டும் என்று முசியேவுக்கு ஆசை. அவர் மனைவிக்கு, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவருக்கு, துளியும் இஷ்டமில்லை.

"நல்லா இருக்கிற பானெட்ட அறுத்து மழைக்கு வாசல் வைப்பாங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

நான் விடவில்லை, வகுப்பெடுத்தேன். ஸ்கூப்புக்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டு. காற்று தட்டின் ஓரமாகப் போய்விடும், மழை தட்டில் விழும். தட்டின் மூலையில் ஒரு ட்யூப், தண்ணீரைக் கீழே ரோட்டில் விட்டுவிடும். ஏர் ஃபில்டரின் வாய் வேறு பக்கம். மீறி இரண்டு சொட்டு சூடான இஞ்சின்மேல் விழுந்தாலும் ஆவியாகிவிடும். "ஒரு சொட்டு உள்ள போச்சின்னா நான் தொழிலையே விட்டுடறேன் மதாம்" என்று வேறு சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். முசியே குடையோடு பக்கத்தில் வந்து நின்றார். ஏர் ஃபில்டரைத் திறந்தேன், காய்ந்திருந்தது. ஒரு குடம் தண்ணீரை ஸ்கூப்புக்குள் நேராக ஊற்றினேன். அத்தனையும் ட்யூப் வழியாகத் தரைக்கு ஓடியது. தலை நிமிர்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் காயில்களைக் கழற்றினேன். ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்கும் ஒரு குழிக்குள் இருக்கும், காயில் அதை மூடியிருக்கும். குழியில் தண்ணீர் நின்றால் கரண்ட் ஒழுங்காகப் போகாது, வண்டி மிஸ்ஸிங் அடித்து நிற்கும். நாலு குழியில் இரண்டில் தண்ணீர் நின்றது.

முசியே எட்டிப் பார்த்தார்.

"கழட்டிடு பாய். ஓட்டைய அடைச்சி பெயின்ட் அடிச்சிடு. பையன் கேட்டான்னா, நம்ம ஊரு மழைக்கு ஒத்துவரலன்னு நானே சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு மடக்கியிருந்த குடையை மறுபடி மடக்கப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

துணியை விட்டுக் குழித் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். துணியில் நுரை. முகர்ந்து பார்த்தேன், எலுமிச்சை வாசனை. எங்கள் ஊரில் மழை எப்படியெப்படியோ பெய்து பார்த்திருக்கிறேன். ஷாம்பு போட்டுப் பெய்து பார்த்ததில்லை.

என் பெயர் காதர் என்றாலும் என் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை உண்டு. பொட்டு வைப்பதும் பொரி கடலை படைப்பதும் வேலை செய்கிறவர்கள் பொறுப்பு. வண்டிகளைக் கழுவுவது என் பொறுப்பு, அதை யாருக்கும் விட்டுத் தரமாட்டேன். இரண்டு நாள் முன்புதான் பூஜை. ஸ்கூப் மாட்டி முடித்து நின்ற முசியேயின் வண்டியையும் கழுவினேன். கைவேலை அழகாக வந்த சந்தோஷத்தில் பானெட்டைத் திறந்து, ஷாம்பு போட்டு, பிரஷர் கன்னால் இஞ்சினையும் குளிப்பாட்டினேன். காயில்மேல் பாலித்தீன் கவர் கட்டாமல் தண்ணீர் அடிக்கிறவர்களை இத்தனை வருடம் திட்டித் தீர்த்தவன் நான். அன்று நானே கட்டவில்லை. அவ்வளவு பக்தி. மறுநாள் வண்டி அவர் வீட்டுக்குப் போய் நின்றுவிட்டது. முதல் நீள ஓட்டமே காலாப்பட்டுக்குத்தான்.

நுரை அடங்கிக்கொண்டிருந்தது. துணியைச் சுருட்டி வாளியில் போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. பழி மழைக்கு, கெட்ட பெயர் ஸ்கூப்புக்கு. அப்படிச் செய்யலாமா என்று நான் யோசித்தது உண்மை. ஆனால் மகன் ஆசையாகக் கொண்டுவந்ததை, என் தப்பை மறைக்க அந்த மனிதர் கழற்றச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"முசியே, இத மோந்து பாருங்க."

"எலுமிச்ச வாசன."

"இது மழ இல்ல. பூஜைக்கு வண்டிய கழுவுனப்ப நான் அடிச்ச ஷாம்பு தண்ணி. ஸ்கூப்ல ஒரு தப்பும் இல்ல."

என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். போனை எடுத்து மனைவியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் கையில் கொடுத்தார்.

"நீயே சொல்லு. நான் சொன்னா, மகனுக்காகப் பொய் சொல்றன்னுவா."

ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப ஓட்டைல தப்பில்லன்றீங்களா?" என்றார் மதாம்.

"இல்ல மதாம். ஓட்ட போட்டவன்கிட்டதான் தப்பு."

"சரி, அது இருந்துட்டுப் போவட்டும். புள்ள வந்து பாக்கட்டும்" என்றார். முசியே சட்டென்று முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஏர் அடித்துக் குழிகளைக் காயவைக்கக் குனிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று தேடும்போது வானத்தை அப்புறம் பாருங்கள். கடைசியாக ஹோஸைப் பிடித்தது யார் என்று முதலில் கேளுங்கள். அது நீங்களாக இருந்தால், நுரை அடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.