உறையாத மெழுகு

இது பாசையூரில் றொசாந்தியின் குசினிக்குள் நடந்தது. கண்டது இரண்டு பேர். அதில் ஒருத்தி வினோஜா, எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். இதை மட்டும் அவள் குறைத்துத்தான் சொல்லுவாள். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.

மரித்தோர் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம். மாரி மழை பிடித்துவிட்டது. அந்தக் காற்றில் சேமக்காலைக் கல்லறைகளின் மேல் வெறும் மெழுகுதிரி எரியாது. அதனால் றொசாந்தி சின்ன ஜாம் போத்தல்களில் மெழுகு வார்த்து, சேமக்காலை வாசலில் விற்பாள். புருசன் கிறகோரி போன மாரியில் தொழிலுக்குப் போனவன், திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்தப் போத்தல்கள்தான் அவளுக்குச் சோறு.

கிறகோரியின் தங்கை வினோஜா உதவிக்கு வந்திருந்தாள். போத்தலின் அடியில் திரியை ஒட்டி, போத்தல் வாயில் ஈர்க்கைக் குறுக்கே வைத்து, திரி சரியாமல் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். றொசாந்தி சுடுதண்ணிச் சட்டிக்குள் தகரப் பேணியை இறக்கி மெழுகை உருக்கினாள்.

"மச்சாள், உதிலை ஒண்டை அண்ணைக்கு எடுத்து வைப்பமே?"

"என்னத்துக்கு?"

"ஊருக்கெல்லாம் வார்க்கிறியள். அவருக்கும் ஒரு வெளிச்சம் வேண்டாமே? ஆத்துமம் இருட்டுக்கை நிக்குமெல்லே."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு எவளடி சேமக்காலையிலை மெழுகுதிரி கொளுத்துவாள்?"

"ஒரு வருசமாப் போச்சு, மச்சாள்."

"உன்ரை மனிசன் கனடாவுக்குப் போய் எத்தினை வருசம்? அவனுக்கும் ஒண்டு வார்க்கட்டோ?"

வினோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தாளுக்கு ரெண்டாய் வாருங்கோ. போனும் எடுக்கிறேல்லை."

றொசாந்தி சிரிக்கவில்லை. ஒரு திரியைக் கொளுத்தினால் போதும், அவன் செத்தது உண்மையாகிவிடும். உடலைக் காணாமல், தன் கையாலேயே அவனை மண்ணில் தாழ்க்க அவளால் முடியாது.

கோவிலில் பின்னேரத் திருந்தாதி மணி அடித்து ஓய்ந்தது. கரண்டும் நின்றது. டோர்ச் வெளிச்சத்தில் போத்தல்கள் ஆறிக்கொண்டிருந்தன. மெழுகு ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்கு இன்னுமொரு கரண்டி விடவேண்டும். கரண்டியோடு வந்த றொசாந்தி நின்றாள்.

எல்லாம் வெள்ளையாய் இறுகியிருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் தண்ணியாய் நின்றது.

"சூடு ஆறேல்லைப்போலை," என்றாள் வினோஜா.

றொசாந்தி போத்தலைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

ஐஸ் மாதிரிக் குளிர்.

திரும்பச் சூடாக்கி வார்த்தாள். வேறு போத்தலில். வேறு திரி போட்டு. அதுவும் உறையவில்லை. மூக்கடியில் பிடித்துப் பார்த்தாள். மெழுகு மணம் இல்லை. பாசி மணம்...

"கொளுத்தித்தான் பாருங்கோவன்."

கொளுத்தினாள். எரிந்தது. யன்னலால் காற்று அள்ளி வீசியது. சுடர் அசையவில்லை.

வினோஜாவின் வாய் தன்பாட்டில் மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கியது.

"வாயை மூடடி! அவர் செத்தவர் இல்லை!"

றொசாந்தி சுடரை ஊதி நூர்த்தாள். டோர்ச்சும் கூடவே நின்றது.

இருட்டு.

மழை.

"இஞ்சரப்பா..."

வாசலில் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம்.

கிறகோரி அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சரப்பாதான்.

"இஞ்சரப்பா... நூக்காதை... குளிருது..."

வினோஜா நெருப்புப் பெட்டியைத் தடவி எடுத்தாள். சர்ர்க். குச்சி நமுத்திருந்தது. சர்ர்க்...

"நூக்காதை..."

பற்றியது.

எதிரே ஒருவரும் இல்லை. போத்தலில் மெழுகு வெள்ளையாய் இறுகியிருந்தது.

வினோஜா அழத் தொடங்கினாள். றொசாந்தியின் முகத்திலோ ஒரு வருசமாய் இல்லாத வெளிச்சம்.

"கேட்டனியே? குளிருது எண்டவர். செத்த ஆளுக்குக் குளிருமோடி? எங்கையோ உயிரோடை இருக்கிறாரடி..."

அடுத்தநாள் பின்னேரம் சேமக்காலை வாசலில் போத்தல்கள் எல்லாம் விற்றுப்போயின. அந்த ஒன்றை மட்டும் றொசாந்தி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நனைந்துபோய் ஒருவன் வந்தான். ஊர் ஆள் இல்லை.

"அக்கா, ஒரு மெழுகுதிரி."

"முடிஞ்சுது."

"மடியிலை இருக்கே?"

"அது விக்கிறதுக்கில்லை. உங்களுக்கு ஆருக்குக் கொளுத்த?"

"பேர் தெரியாது." அவன் குந்தினான். "போன மாரி ஒரு தீவிலை களவாய் மீன்வாடி போட்டு நிண்டனாங்கள். புயல் அண்டைக்கு ஒரு ஆள் கரையொதுங்கினவர். உயிர் இருந்தது. எங்களிட்டை ஒரேயொரு மெழுகுதிரி. கொளுத்தி வைச்சம். வெளிச்சம் கண்டால் பிடிபட்டுப்போவம் எண்டு எங்கடை முதலாளி, சம்மாட்டி, ஊதி நூத்துப்போட்டார்."

றொசாந்தியின் விரல்கள் போத்தலை இறுக்கின.

"இடக்காது நுனி இல்லையோ?"

"ஓம் அக்கா. தூண்டில் கிழிச்ச மாதிரி... உங்களுக்கு எப்பிடி?"

"சொல்லுங்கோ."

"இருட்டுக்கை 'இஞ்சரப்பா, நூக்காதை, குளிருது' எண்டு முனகிக்கொண்டே கிடந்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திட்டம். பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நேற்றுப் பின்னேரம் அந்தக் குரல் திரும்பவும் கேட்டது. அதுதான் வந்தனான்."

"எப்ப முடிஞ்சுது?"

"அதுதான் இண்டைவரைக்கும் விளங்கேல்லை, அக்கா. கிழக்கு வெளுக்கும்வரை கதைச்சவர். வெளுத்த உடனை போய்த் தொட்டுப்பார்த்தால் உடம்பு கட்டையாய் விறைச்சுக் கிடந்தது. கன நேரத்துக்கு முதலே போயிட்டுது, நூத்த கையோடை போயிருக்கவேணும் எண்டார் சம்மாட்டி. அப்ப விடியவிடியக் கதைச்சது ஆர்?"

றொசாந்தி போத்தலில் தெறித்த மழையைத் துடைத்தாள்.

"அவரை வெறும் மண்ணுக்கையோ வைச்சனியள்?"

"இல்லையக்கா. நான் உடுத்திருந்த சாரத்தாலை சுத்தித்தான் வைச்சனான்."

போத்தலை அவன் கையில் கொடுத்தாள். சேமக்காலைக்குள் போய்த் தன் கையால் கொளுத்த அப்போதும் அவளுக்கு முடியவில்லை.

"பேர் கிறகோரி," என்றாள். "கொளுத்தேக்கை சொல்லுங்கோ."