குபேர லிங்கத்தில் நான் கேட்டது

அண்ணாமலையாரை நம்பும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் கவிதா. ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் என் அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். அப்பா இல்லை. டிகிரி முடித்ததும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க மற்றவர்களின் மனுக்களை அடிப்பேன். ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கதை எழுதுவேன். ஒன்றிரண்டு சிறு பத்திரிகைகளில் வந்தன.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கதை, கவிதை எழுதுவதையே முதுகலைப் படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள். விண்ணப்பித்தேன், இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஃபீஸும் ஹாஸ்டலும் எங்களுக்கு எட்டாத உயரம். வளரும் எழுத்தாளர்களுக்கு அவர்களே தரும் உதவித்தொகை கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் சீட்டை விட்டுவிட வேண்டியதுதான். அதற்கு வீடியோவில் ஒரு நேர்காணல் வைத்தார்கள்.

"கெடைக்கலன்னா என்னா, மனு அடிக்கிற வேல எங்கயும் போய்டாது" என்றார் அம்மா. ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இப்படியே அடுத்தவர் குறையை அடித்து அடித்தே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்தேன்.

நேர்காணலுக்குச் சில நாட்களைக் கொடுத்து, எது வசதி என்று கேட்டார்கள். நான் ஒன்றைச் சொன்னேன். திருவண்ணாமலையில் காதுகுத்து வைப்பவர்கள்கூட பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ரோடு அடைப்பு, பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே, வந்து குவியும் ஜனத்தில் போன் செத்துப்போகும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. நான் சொன்ன நாள் ஆனிப் பௌர்ணமி. அன்று காலையில் அம்மா கடைக்குக் கூடுதலாகப் பால் கேன் இறக்கியபோதுதான் உறைத்தது. இந்த மூளைக்கு முதுகலை வேறு!

நாளை மாற்ற முடியுமா என்று செய்தி அனுப்பினேன். முடியாது என்று பதில் வந்தது. மதியத்துக்கு மேல் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது.

"போனையே பாத்துனு உக்காந்தா ஆவுமா? கடைய நான் பாத்துக்கறேன். நீ வேங்கிக்காலுக்கு நடந்துடு" என்றார் அம்மா. டைப்பிங் கடையில் கேபிள் வழியாக வரும் இன்டர்நெட் உண்டு. ஆனால் ஆட்டோ எதையும் விடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன்.

மலையைச் சுற்றும்போது மலை நமக்கு வலப்பக்கம் இருக்கும். அந்த ஓரத்தில் சித்தர்கள் நடக்கிறார்கள் என்று, அதை விட்டுவிட்டு இடப்பக்கமாக நடப்பது எங்கள் வழக்கம். இப்போதைய நெரிசலில் நிறையப் பேர் பார்ப்பதில்லை. ஆனால் நான் போன நேரம் அந்த ஓரம் காலியாகக் கிடந்தது. ஓடினால் ஒருவேளை நேரத்துக்குப் போய்விடலாம். ஒரு காலை அங்கே வைத்தேன். உடம்பு சிலிர்த்தது. காலை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூட்டத்துக்குள் வந்துவிட்டேன்.

பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களில் ஒன்றான குபேர லிங்கம் வந்தபோதே எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. காசு பணம் வேண்டி அங்கே எப்போதும் நெரிசல். உதவித்தொகைக்காக ஓடி வந்தவள் அந்த இடத்திலா மாட்ட வேண்டும் என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "அப்பா, காசு உன் இஷ்டம். என்னைப் பேச மட்டும் வுடு" என்றேன்.

கையிலிருந்த போன் அடித்தது. வீடியோ இல்லை, சாதாரண அழைப்பு. எடுத்தால் பேராசிரியை ஒருவரின் குரல். ஒரு நிமிடம் அவரும் தடுமாறினார். பிறகு எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். பௌர்ணமியை மறந்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சரிம்மா. உங்க எதிர்ல என்ன நடக்குதோ அதைச் சொல்லுங்க."

சொன்னேன். செருப்பைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்த பெரியவரைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு பேசாமல், ஆனாலும் ஒன்றாகவே நடந்த புருஷன் பெண்டாட்டியைச் சொன்னேன். ஒரு அம்மா போனை மலைப்பக்கம் நீட்டி, "தெரியுதாப்பா? நல்லா கும்புட்டுக்கோ" என்று வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். திரை எப்போதோ கறுத்துவிட்டது. அவர் நிறுத்தவே இல்லை. அதையும் சொன்னேன். கடைசியில் அந்தக் காலி ஓரத்தையும் சொன்னேன்.

"அங்க யாரு நடக்கறாங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க மேடம். எங்க கண்ணுக்குத் தெரியாது. எடம் மட்டும் வுட்டு வெச்சிருக்கோம்."

"நன்றிம்மா" என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகுதான் சிக்னல் மறுபடியும் போனது.

உதவித்தொகை கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அதிலேயே நடக்கிறது. எழுதுவதற்காக ஒருத்திக்குச் சோறு போடுகிறார்கள் என்பதே எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது.

நான் மெய்மறந்து நின்றது அதற்குப் பிறகு ஒரு நாள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்கு எத்தனையோ தடவை முயற்சி பண்ணோம், உங்க லைன் கிடைக்கல. விட்டுட்டோம். அடுத்து பேச வேண்டிய பையனை வீடியோவுக்கு வரச் சொல்லத்தான் போன் பண்ணேன். கை உங்க நம்பர்ல பட்டிருக்கு. 'ஹலோ'ன்னு உங்க குரல் வந்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டுது" என்றார்.

தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஓரமாக ஓடியிருந்தாலும் நேரத்துக்குப் போயிருப்பேனா தெரியாது; போன் பைக்குள் இருந்திருக்கும், அந்த அழைப்பை எடுத்திருக்க மாட்டேன். எனக்கு வராத அழைப்பை என் கையில் கொண்டுவந்து வைத்தது யார்?

அம்மாவிடம் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார். "ஊரு சனத்துக்கெல்லாம் மனு அடிச்சியே, உன் மனுவ அவரே நேரா வாங்கிகினாரு" என்றார்.

முன்பெல்லாம் பௌர்ணமி என்றால் எனக்குக் கடை வேலை மட்டும்தான். இப்போது சென்னையிலிருந்து வந்து, அம்மாவுக்குக் கூடமாட இருந்துவிட்டு மலையைச் சுற்றுகிறேன். வழி அடைபட்டுவிட்டது என்று நிற்பவர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறை வாருங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். எவ்வளவு அவசரமானாலும் மலையோரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நடங்கள்.