பிணை நின்றவர்களின் கல்

புத்தூர்க் குணலட்சுமிக்கு நல்லூரைவிட இத்தாலியில் ஒரு மலையூரைத்தான் நன்றாகத் தெரியும். புருசன் பஞ்சலிங்கம் ஏழு வருசமாக அந்த ஊர் நகரசபைக்காகப் பழைய மதிலுக்குக் கல் சுமக்கிறார். கடிதத்தில் மனுசியைச் சுகம் கேட்பது ஒரு வரி. மிச்சமெல்லாம் எழுநூறு வருசத்து மதில், மணிக்கூண்டு, ஊருக்கு இருக்கும் ஒற்றை வாசல். அங்கே ஒரு கல்லைப் பெயர்க்கவும் சபையிடம் கேட்கவேண்டுமாம். இங்கே குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு ரயில் தண்டவாளத்தையே பிடுங்கி முடித்தாயிற்று என்று அவள் சிரிப்பாள்.

தொண்ணூற்று மூன்றில் விசா சரிவந்தது. ஆவணி முடியுமுன் கொழும்பில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட, அதை ஆளும் இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் அசைய முடியாது. குணலட்சுமி திரும்பி வரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அக்கா பத்மாவதிக்கும் தெரியும். பத்மாவதியின் ஒரே மகள் கனடாவில். பிள்ளைப்பேற்றுக்கு வா வா என்று அழுது எழுதுகிறாள். அப்படியிருந்தும் பிணைப் படிவத்தைப் பத்மாவதியே போய் வாங்கி வந்தாள்.

கையெழுத்து வைக்கிற அன்று பார்த்து பஞ்சலிங்கத்தின் கடிதமும் படமும் வந்தன. மதிலில் பதித்த ஒரு கல்லுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார் மனுசன். அந்தக் காலத்தில் சண்டை நேரம் ஒருவர் வாசலைத் தாண்டுவதென்றால் சொந்தத்தில் ஓர் ஆளைப் பிணையாக உள்ளே விட்டுப் போகவேண்டுமாம். "இப்பிடியும் சனம் சீவிச்சிருக்கு, பாரும்" என்று அதிசயப்பட்டு எழுதியிருந்தார். குணலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பத்தாறில் போன ஆளுக்கு என்ன தெரியும்? பாஸ் கதையைக் கடிதத்தில் எழுத அவளுக்கும் பயம்.

பத்மாவதி படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"இந்தக் கல்லிலை வெட்டிக் கிடக்கிறது ஆரின்ரை பேர், பிள்ளை?"

"பிணை நிண்டவையின்ரை பேராம், அக்கா."

"போனவை திரும்பி வந்தவையோ?"

வரவில்லை என்று கடிதத்தில் தெளிவாக இருந்தது. வந்திருந்தால் பெயரைக் கல்லில் வெட்டுவார்களா? குணலட்சுமி கடிதத்தை நாலாக மடித்தாள்.

"ஓம், வந்தவையாம்."

பத்மாவதி தங்கையின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனையை எடுத்துத் தன் பெயரை ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். குணலட்சுமி தடுக்கவில்லை.