டாக்டரிடம் மறைத்த சாயங்காலக் காய்ச்சல்

நான் தினமும் டைரி எழுதுகிறவள். அதனால் என் தவறை மறக்க எனக்கு வழியே இல்லை.

மணப்பாட்டில் என் தம்பி கப்பல் வேலைக்குக் காத்திருந்தான். அதற்கான மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பிறகுதான் வயிற்றுவலி வந்தது, உடம்பு இளைத்தது, மாலைதோறும் காய்ச்சல் அடித்தது. எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்தேன்.

தூத்துக்குடி டாக்டர், "சாயங்காலம் காய்ச்சல் வருதா?" என்று கேட்டார். தம்பி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கிடையாது டாக்டர். எக்ஸ்ரேய பாருங்க, டிபியே இல்ல." டிபி என்று எழுதிவிட்டால் கப்பல் வேலை போய்விடுமே என்ற பயம். வாயு மாத்திரையோடு திரும்பினோம்.

இரண்டு மாதத்தில் குடல் அடைத்து, வாந்தியெடுத்து விழுந்தான். குழாய் விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். குடலில் காசநோய். அப்போதுதான் காய்ச்சல் குறித்த டைரியை டாக்டரிடம் நீட்டினேன்.

"நெஞ்சு சுத்தமா இருந்தாலும் குடல்ல வரும்மா. காய்ச்சல அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் டாக்டர்.

கட்டிலில் எலும்பாய்க் கிடந்த தம்பி சிரித்தான். "ஏ அக்கா, மணி பாத்து பாத்து எழுதுவியே, ஒன் டைரிய நீ வாசிக்கவே இல்லியோ?"

மாதக்கணக்கில் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானான். தாமதமாகவேனும் கப்பல் ஏறினான். என் ஆத்திரம்தான் ஆறவில்லை. அந்தத் தேதியில் என் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது: "காய்ச்சல் இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். மாலை ஆறு மணிக்கு நூற்றொரு டிகிரி."

வாசிக்கும்போதெல்லாம், எழுதியவளை ஓங்கி அறையத் தோன்றுகிறது.