வயலினும் அவள் தூக்கமும்

நாப்பது வயசுக்கு மேல வயலின் கத்துக்கப் போனவன் நான். ஒரகடத்துல கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல வேலை. பகலெல்லாம் இரும்பைத் தூக்கற விரலை, மயிரிழை நகந்தா சுரம் கெட்டுப்போற கம்பி மேல வெச்சா இன்னா ஆவும்? வாலை மிதிச்ச பூனைதான் கத்தும். குன்றத்தூர்ல எனக்குச் சொல்லித்தர்ற மாஸ்டர் நல்ல மனுஷன், திட்ட மாட்டார். கண்ணை மூடிக்குவார். அது திட்டறதைவிட மோசம்.

காலை ஷிஃப்ட் முடிஞ்சு, மூணு மணிக்குக் கம்பெனி பஸ் என்னைப் படப்பையில இறக்கிவிடும். மூஞ்சி கழுவி, டீ குடிச்சிட்டு வயலினை எடுத்தா, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் சாதகம். என் மனைவிக்கு போன் பாகம் பூட்டற கம்பெனியில நைட் ஷிஃப்ட். காலையில வந்து, பிள்ளைங்களை அனுப்பி, சமைச்சு, துணி துவைச்சு, அவ தலையைச் சாய்க்கவே மத்தியானம் ஆயிடும். எங்க வூடு ஒரு ரூமும் கிச்சனும்தான். நான் கிச்சன்ல கதவைச் சாத்திகினு வாசிப்பேன். "தூக்கம் கெடுதாடி?"ன்னு கேட்டா, "லைன்ல மெஷின் சத்தத்துலயே நின்னுகினு தூங்கறவ நான், நீங்க வாசிங்க"ன்னுவா. அந்தப் பதில்தான் எனக்கும் வேண்டியிருந்துது. அதுக்கு மேல நான் கேக்கல.

தவக்காலம் வந்தப்ப அவ ஒரு பழக்கம் ஆரம்பிச்சா. நான் வூட்டுக்குள்ள நுழைஞ்சதும் முக்காட்டைப் போட்டுகினு, ஜெபமாலையை எடுத்துகினு பக்கத்துத் தெரு மாதா கோயிலுக்குக் கெளம்பிடுவா. ஈஸ்டர் வரைக்கும் எங்க ஆளுங்க ஆளுக்கொண்ணா நேந்துக்கறது வழக்கம். ஒருத்தர் கறி தொட மாட்டார், இன்னொருத்தர் பீடியை வுட்டுடுவார். இவ தினம் கோயிலுக்குப் போறதா நேந்துகினு இருக்கான்னு நெனைச்சேன். "இன்னா, கன்னியாஸ்திரி ஆயிடப் போறியா?"ன்னு கிண்டல்கூட பண்ணேன். "உங்க வயலினுக்குத்தான் வேண்டிக்கறேன்"னு சிரிச்சிகினே போவா. ஈஸ்டர் முடிஞ்சுது. அவ போறது நிக்கல. மரமண்டை, எனக்கு அப்பவும் ஒறைக்கல.

ஒரு நாள் கோயில்ல மணி அடிக்கிற கோயில்பிள்ளை என்னை டீக்கடையில புடிச்சிகினார். "வூட்ல இன்னாப்பா சண்டையா? உன் வூட்டம்மா தினம் வந்து பொம்பளைங்க பக்கம் பாயில படுத்துத் தூங்குது. பாவமா கீது. நான்தான் ஃபேனைப் போட்டு வுடறேன்."

நேரா கோயிலுக்குப் போனேன். சுவத்தோரமா, பையைத் தலைக்கு வெச்சுகினு, முந்தானையால மூஞ்சியை மூடிகினு கெடந்தா. ஜெபமாலை விரல்லயே சுத்தியிருந்துது. நான் வந்து நின்னதுகூடத் தெரியல, அவ்ளோ அசதி. அடப்பாவி, கட்டினவளை அவ வூட்லயே தூங்க வுடாம துரத்திட்டியேடான்னு எனக்கு அழுகை முட்டிகினு வந்துச்சு. மாதா சொரூபத்தை நிமிந்து பாக்க மூஞ்சி இல்ல. ஆனா அங்கேயே இன்னொண்ணும் நடந்துது, அதையும் சொன்னாத்தான் ஞாயம். அந்த அழுகைக்குப் பின்னாடியே ஒரு நிம்மதி எட்டிப் பாத்துது. அப்பாடா, வயலினை வுட்டுடலாம், காரணம் கெடைச்சிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அவ ஷிஃப்டுக்குத் தலை வாரிகினு இருக்கறப்ப சொன்னேன். "கோயில்ல பாத்துட்டேன். இனிமே நான் வாசிக்கல. உன் தூக்கத்தைவிட எனக்கு வயலின் பெரிசில்ல." பெரிய தியாகியாட்டம் குரலை வேற தாழ்த்திகினேன்.

சீப்பு பாதியில நின்னுது.

"வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டு வுடுங்க. என் தூக்கத்து மேல பழியைப் போடாதீங்க. நாளைக்கு யாராவது கேட்டா, பொண்டாட்டிக்காக வுட்டேன்னு சொல்லுவீங்க. அந்தப் பேரு எனக்கு எதுக்கு? ஜெபமாலையைக் கையில வெச்சிகினு மாதா முன்னாடி தூங்குனது இதுக்குத்தானா?"

அவ சாப்பாட்டு டப்பாவை எடுத்துகினு பஸ்ஸுக்குப் போயிட்டா.

மறுநாள் அவளை வூட்லயே படுக்கச் சொல்லிட்டு, வயலினைத் தூக்கிகினு ஊருக்கு வெளிய புதுசா மனை போட்டிருக்கற எடத்துக்குப் போனேன். கல்லு மட்டும் நட்டு வெச்சிருக்காங்க, வூடு எதுவும் எழும்பல. ஒரு வேலிகாத்தான் நெழல்ல துண்டை விரிச்சு உக்காந்து சின்னப் பசங்க பாடமான ஜண்டை வரிசையை ஆரம்பிச்சேன். தூங்கறவங்க யாரும் இல்ல, வில்லை அடக்கி ஓட்ட வேண்டியதில்ல. அப்பவும் கேவலமாத்தான் வந்துது. அங்க உக்காந்து யோசிச்சுப் பாத்தா, நிறுத்தறதுக்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் மிச்சம் இருந்துது, அது நான்தான். அதை அவகிட்ட போய்ச் சொல்ற தைரியம் இல்லாம, மறுபடியும் மொதல்லருந்து வாசிச்சேன்.