பொம்மைக்குக் கை கொடுத்தவள்

அரசு மருத்துவமனையில் அவளை எல்லோரும் கையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்கள் வைத்தியத்துக்கு வந்தால், அவர்களுடைய கைப்பேச்சை டாக்டருக்கு வாயால் சொல்வதும், டாக்டர் சொல்வதை அவர்களுக்குக் கையால் சொல்வதும் அவள் வேலை. காது கேளாதவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. இடது புருவத்தில் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. புருவத்தை விரலால் ஒரு கீறு கீறிக் காட்டினால் போதும், அது அவள்தான்.

அந்தத் தழும்பு அவள் அண்ணன் கொடுத்த சீதனம். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் இரண்டு பேரும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். அவனோடு சண்டை போடுவதற்காகத்தான் அவள் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டாள். எதிராளிக்குப் புரியாமல் திட்டுவதில் என்ன சுகம் இருக்கிறது? அண்ணன் இப்போது தையல்காரன். அண்ணிக்கும் காது கேட்காது.

கையக்காவுக்குத் தொழிலில் ஒரே சட்டம். பேசியதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாய்தான் அவளுடையது, வார்த்தை அவளுடையது இல்லை. அறையில் யார் எதை முணுமுணுத்தாலும் அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஒரு டாக்டர், "இவங்களோட பெரிய தலைவலியாப் போச்சு" என்று நர்ஸிடம் சொன்னார். கையக்கா அதையும் நோயாளியிடம் சொன்னாள்.

"அதை எதுக்கும்மா சொன்னே?" என்று டாக்டர் பதறினார்.

"நீங்க சொன்னீங்களே டாக்டர்."

அதற்குப் பிறகு அவள் இருக்கும் அறையில் டாக்டர்கள் நாக்கை அடக்கிப் பேசினார்கள்.

மருத்துவமனைகளுக்கு இப்படி ஆள் போட்டது அரசாங்கம் மனமுவந்து செய்த தர்மம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணியின் முதல் பிரசவத்தில் அவள் வலி வந்து கையைக் காலை ஆட்டிக் கதறியதைப் பார்த்து, வயிற்றுவலி என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். கையக்கா அப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். சேதி கேட்டு ஓடி வருவதற்குள் குழந்தை போய்விட்டது. அண்ணி அன்று கையால் கேட்ட கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை. "நான் சொன்னேனே, ஏன் யாரும் கேட்கலை?"

அதன் பிறகுதான் காது கேளாதோர் சங்கம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியது. போன இடமெல்லாம் ஒரே பதில்: "பரிசீலிக்கிறோம்." இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, சங்கத்தார் அதற்கென்று ஒரு கைச்சைகையே உண்டாக்கிவிட்டார்கள். பீரோவைத் திற, காகிதத்தை உள்ளே வீசு, கதவைச் சாத்து, சாவியைத் திருப்பு. அவ்வளவுதான். அரசாங்க மொழியை இதைவிடச் சுத்தமாக எந்த மொழியும் பெயர்த்திருக்காது. பல வருடம் கழித்து ஒருநாள் பீரோ தப்பித்தவறித் திறந்துகொண்டது, மருத்துவமனைகளுக்கு ஆள் போட்டார்கள்.

இந்த நிலையில்தான் பொம்மை வந்தது.

வாயால் பேசினால் அதைக் கேட்டு, திரையில் ஒரு பெண் பொம்மை கைப்பேச்சில் சொல்லும். இதற்கான ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு நிதி கொடுத்தது. பொம்மைக்குப் பாடம் சொல்லக் கையக்காவைத்தான் கூப்பிட்டார்கள், அவளும் சந்தோஷமாகப் போனாள். அவள் தூங்கும் நேரத்தில், அவள் போக முடியாத ஊரில், ஒரு கர்ப்பிணிக்கு வலி வந்தால் இந்தப் பொம்மையாவது பேசட்டுமே என்றுதான் போனாள். சங்கத்து ஆட்களும் வந்து காமிரா முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள். அதை நடத்திய ஆராய்ச்சிப் பெண் நல்லவள். சாப்பிட மறந்துவிடுகிற ஜாதி. "அக்கா, இன்னும் மூணு வருஷமாவது ஆகும். ஆனா வந்துடும்" என்பாள்.

முதல் வருடம் அப்படி ஓடியது. இரண்டாம் வருடம், காமிரா முன்னால் உட்கார வருகிறவர்களுக்குப் பஸ் காசு கொடுக்கக்கூட நிதி இல்லை என்றார்கள். அதே வருடம் பொம்மைக்கு ஒரு சின்னம் வரைய, ஒரு பாட்டுப் போட, ஊரெல்லாம் பலகை வைக்க, அதிகாரிகள் வெளிநாடு போய் 'ஆய்வு' செய்துவர, எல்லாவற்றுக்கும் நிதி இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பாடம் நின்றதும் பொம்மை அரைகுறையாகவே நின்றுவிட்டது. பல்வலி என்று சொன்னால், பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள் என்றது. சாப்பாட்டுக்கு முன் என்பதைப் பின் என்றது.

இந்த லட்சணத்தில் பொம்மைக்குத் திறப்பு விழா என்று அறிவித்தார்கள். அடுத்த கட்ட நிதியை அமைச்சர் மேடையிலேயே அறிவிப்பார். அந்த நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? மருத்துவமனைகளில் கைப்பேச்சு ஆட்களுக்குக் கொடுத்துவந்த சம்பளத்திலிருந்து. பொம்மை வந்துவிட்டதால் இந்த மாதக் கடைசியோடு அவர்கள் யாரும் வேண்டாமாம். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிப் பொம்மைக்கு ஊட்டுகிற புத்தி வேறு யாருக்கு வரும்?

அண்ணிக்கு மறுபடியும் நிறைமாதம். அடுத்த மாதம் பிரசவம். விஷயம் கேட்டு அண்ணன் தையல் மிஷினை விட்டு எழுந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அப்போ அவளுக்கு யார்?"

பிரசவ வார்டுக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். வேலை இருந்தால்தான் கையக்கா உள்ளே நிற்க முடியும்.

விழாவுக்கு முதல் நாள் துறைச் செயலாளர் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொன்னார். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். பக்கத்தில் ஆராய்ச்சிப் பெண் அழுது சிவந்த கண்ணோடு நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. பொம்மை நாளைக்குச் சரியா ஓடுமான்னு சந்தேகமா இருக்காம். நீங்க மேடைத் திரைச்சீலைக்குப் பின்னாடி காமிரா முன்னால உட்காருங்க. அமைச்சர் பேசப் பேச நீங்க கையால சொல்லுங்க. உங்க கை ஆடுற மாதிரியே பொம்மை கை ஆடும். அவ்வளவுதான்."

"அது ஏமாத்து இல்லையா சார்?"

"சேச்சே! அடுத்த வருஷம் செய்யப்போறதை இந்த வருஷம் காட்டறோம். அதுக்குப் பேரு தொலைநோக்கு." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வேலை மட்டும் போகாம நான் பாத்துக்கறேன்."

"மத்தவங்க வேலை?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் போன பிறகு ஆராய்ச்சிப் பெண் சொன்னாள்: "முடியாதுன்னு எழுதியே கொடுத்தேன்க்கா. தேதி குறிச்சாச்சு, அமைச்சர் வர்றார்னு என் மேலயே பாயறாங்க. நீங்க வரலைன்னா பழைய வீடியோவைப் போட்டு ஓட்டிடுவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குப் பூசணிக்காய் யார் வீட்டிலிருந்து வந்தால் என்ன? கையக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வருகிறேன் என்றாள். யாரோ ஒருத்தியின் பழைய கை அங்கே பொய் சொல்வதைவிடத் தன் கை அங்கே இருப்பது மேல் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள். கைதட்டக் கூட்டம் வேண்டுமே என்று பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அண்ணனும் வந்திருந்தான், பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி அண்ணி. காது கேளாதவர்கள் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைத்துத்தான் கைதட்டுவார்கள் என்று அமைச்சருக்கு முன்னாலேயே பாடம் எடுத்திருந்தார்கள். அவர் படித்த பாடம் அது ஒன்றுதான்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், கறுப்புச் சட்டை போட்டு, கையில் மட்டும் வெளிச்சம் விழக் கையக்கா உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் பேசினார். அவள் கை பேசியது. மேடையில் பெரிய திரையில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற பொம்மை அப்படியே சொன்னது. கூட்டத்தில் தலைகள் நிமிர்ந்தன. அண்ணன் மட்டும் நெற்றியைச் சுருக்கினான். அந்தக் கைவீச்சைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் அவன்.

அமைச்சர் வளர்ச்சி என்றார், புரட்சி என்றார். அவள் சொன்னாள். மேடையில் ஒருவர் பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் சொல்வதுதான் தொழில். அது அவள் பொய் இல்லை. பிறகு அமைச்சர் திரும்பிப் பொம்மையைக் காட்டி முழங்கினார்:

"இதோ, மனிதக் கை எதுவும் படாமல், இந்த இயந்திரம் தானாகவே பேசுகிறது! இனி நம் மருத்துவமனைகளில் கைப்பேச்சு ஆட்களே தேவையில்லை!"

அவள் கை நின்றது. மேடையில் பொம்மையும் நின்றது.

இதை எப்படிச் சொல்வது? இது அவர் பொய் மட்டும் இல்லை. தன் கையை வைத்தே, தன் கை இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவளிடம், பெஞ்சில் கதறினாளே அவளிடம், இனி உனக்கு யாரும் இல்லை என்று இந்தக் கையால் சொல்ல வேண்டுமா? அத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கையக்கா தன் சொந்தச் சொல்லைச் சொன்னாள். புருவத்தை விரலால் கீறினாள்.

"பொய். இது இயந்திரம் இல்லை, நான். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்."

பொம்மை ஒரு எழுத்துப் பிசகாமல் அதைச் சொன்னது.

அதிகாரிகள் கைதட்டினார்கள். சங்கத்து ஆட்கள் எழுந்து, கைகளை உயர்த்திக் கொதித்துப் பேசினார்கள். அமைச்சருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பாடத்தில் படித்தபடி தானும் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைத்து அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன் மேடையேறினான். யாரும் தடுக்கவில்லை, மாலை போட வருகிறான் என்று நினைத்திருப்பார்கள். நேராகத் திரைச்சீலையிடம் போய், தையல்காரன் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் அதை விலக்கினான். பிளாஸ்டிக் ஸ்டூலும், விளக்கும், கையக்காவும் ஊர் பார்க்க வெளியே வந்தார்கள்.

அமைச்சரின் முகம் இருண்டது. "யாருய்யா இந்தம்மா?"

செயலாளர் ஓடிவந்து அவர் காதோரம் குனிந்தார். கையக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. "விடுங்க சார், இந்த ஊமைங்களுக்கு என்ன புரியப்போகுது? நிதியை அறிவிச்சுட்டுக் கிளம்பிடலாம்."

அறையில் யார் முணுமுணுத்தாலும் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். காமிரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை எழுந்தது. செயலாளரின் ரகசியத்தைப் பொம்மை ஆளுயரத்துக்கு மேல் நின்று அரங்கத்துக்கே சொன்னது.

"காமிராவை நிறுத்து!" என்று செயலாளர் கத்தினார். அதையும் சொன்னாள். காமிராவின் பொத்தான் ஆராய்ச்சிப் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. அமைச்சர் அவசரமாக மைக்கைப் பிடித்தார். "உங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்!"

கையக்கா ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேடையில் பொம்மை பீரோவைத் திறந்தது. காகிதத்தை உள்ளே வீசியது. கதவைச் சாத்தியது. சாவியைத் திருப்பியது.

நகர்ந்த கூட்டம் நின்றது. முதலில் கையை உயர்த்தியவள் அண்ணி. பூட்டிய சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினாள், கதவை வெளியே இழுத்தாள். அண்ணன் அதையே செய்தான். பிறகு வரிசை வரிசையாக அத்தனை கைகளும் சாவியைத் திருப்பின, கதவை இழுத்தன, மறுபடி திருப்பின, மறுபடி இழுத்தன.

இது கைதட்டல் இல்லை என்பது அமைச்சருக்கே புரிந்துவிட்டது. பொம்மையைப் பார்த்தார். அது கையைத் தொங்கவிட்டு நின்றது. செயலாளரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து குனிந்தார்.

"என்னம்மா சொல்றாங்க இவங்க?"

கையக்கா எழுந்து நின்று, அண்ணிக்கும் தெரியட்டும் என்று கையாலும் வாயாலும் சேர்த்தே சொன்னாள்:

"பீரோவைத் திறங்கன்னு சொல்றாங்க. நான் இல்லேன்னா இதுகூட உங்களுக்குப் புரிஞ்சிருக்காது சார்."